சனிக்கிழமைப் படம்: மெட்டீரியலிஸ்ட்ஸ் பார்த்தாச்சா?

அக்கா: பார்த்தாச்சு. இதைக் காமெடி என்று சொன்னது யார்? டிரெய்லரில் வந்த நாலு சிரிப்புதான் படத்திலும். ஹீரோயின் லூசி கல்யாணத் தரகர், அதனால் மீதி நேரம் முழுக்க உயரம், சம்பளம், வயது, தலைமுடி என்று சந்தையில் மாடு பிடிப்பது போலப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

தம்பி: நான்தான் 🙈 டகோட்டா ஜான்சன், பெட்ரோ பாஸ்கல், கிறிஸ் எவன்ஸ் மூன்று பேரையும் போஸ்டரில் பார்த்து நம்பிவிட்டேன்

சித்தப்பா: ஏமாந்தது நீ மட்டும் இல்லைடா. 2025 ஜூனில் வந்தபோது விமர்சகர்கள் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் எழுதினார்கள், ஆனால் தியேட்டருக்கு வருகிறவர்களிடமே மார்க் கேட்டு வாங்கும் சினிமாஸ்கோரில் பி மைனஸ். காதல் காமெடி என்று டிக்கெட் எடுத்தவனிடம் கல்யாணத் தரகர் ஆபீஸின் கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டினால் கோபம் வரத்தானே செய்யும்.

நான்: எனக்கு அந்தக் கணக்குப் புத்தகம்தான் பிடித்தது சித்தப்பா. இயக்குநர் செலின் சாங் இருபதுகளில் நியூயார்க்கில் ஆறு மாதம் இதே தரகர் வேலை பார்த்தவர், அது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. நடுவயது ஆள் கூச்சமே இல்லாமல் இருபதுகளில் பெண் கேட்பதும், லூசி முகம் சுளிக்காமல் குறித்துக்கொள்வதும். காதலித்துச் சலித்துப் போனவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், எனக்குத் தெரிந்தே ரெண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தி இந்த குரூப்பிலேயே இருக்கிறாள் 😌

அக்கா: யாரென்று நான் கேட்கவில்லை

நான்: கேட்காதே. அந்த அடுப்படி சீன் கவனித்தாயா? லூசி பழகுகிற பணக்கார ஹாரி காலில் ஆபரேஷன் செய்து ஆறு அங்குலம் உயரம் ஏற்றியிருக்கிறான், அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே அவன் அங்கேயே முழங்காலை மடக்கிக் குனிந்து, முன்னாடி இவ்வளவுதான் இருந்தேன் என்று நின்று காட்டுவான். சிரிக்கிறதா பாவப்படுகிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். படம் முழுக்க அந்த ஒரு நிமிஷம் போல இருந்திருந்தால் நான் யாரோடும் சண்டைக்கு வந்திருக்க மாட்டேன்.

தம்பி: அந்த ஆபரேஷனுக்கு ரெண்டு லட்சம் டாலர்! ஒரு அங்குலத்துக்கு 33 ஆயிரம் சொச்சம் வருகிறது, இப்போதுதான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்

அக்கா: அது நல்ல சீன்தான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஆறாத விஷயம் சோஃபி. அந்த வாடிக்கையாளர் பெண்ணை லூசி அனுப்பி வைத்த ஆளே தாக்குகிறான், படத்திலேயே கனமான விஷயம் அதுதான், அதைக் கொண்டு வந்து வைத்துவிட்டு உடனே ஹீரோயினின் குற்ற உணர்ச்சி, ஹீரோயினின் அழுகை, ஹீரோயின் யாரிடம் போவாள் என்று ஓடிவிடுகிறார்கள். சோஃபிக்கு என்ன ஆச்சு என்பதைவிட அதனால் இவளுக்கு என்ன ஞானம் வந்தது என்பதுதான் முக்கியமாகப் போய்விட்டது. இதைப் பல விமர்சகர்களும் சொல்லியிருந்தார்கள், நான் படித்துவிட்டுச் சொல்லவில்லை, பார்க்கும்போதே வயிற்றைப் பிசைந்தது.

நான்: சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை

தம்பி: நெட்டில் வேற சண்டை தெரியுமா? காசில்லாத ஆண்களுக்கான பிரசாரப் படம் என்று ஒருத்தர் எழுதப்போய் அது எங்கே பார்த்தாலும் சுற்றியது. பணக்காரனை விட்டுவிட்டு கேட்டரிங்கில் பரிமாறுகிற நாடக நடிகனான பழைய காதலன் ஜானிடம் திரும்பிப் போகிறாளாம், அதனால் 😂

சித்தப்பா: அதற்கு செலின் சாங்கே பதில் சொன்னார். தனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏழையாக இருப்பது ஏழையின் குற்றம் இல்லை என்கிற மாதிரி. நியாயமான பதில்.

அக்கா: நியாயம்தான் சித்தப்பா, ஆனால் என் கேள்வி அது இல்லை. ஜான் ஏழை என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஃபிளாஷ்பேக்கில் ரெண்டு பேரும் பிரிந்தது எதனால்? கல்யாணம் ஆகாத ஜோடி, ஆண்டு நிறைவு நாள், ஹோட்டலுக்குப் போகிறார்கள், பார்க்கிங்குக்குக் காசு கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான், நடுரோட்டில் சண்டை. அவ்வளவு நுணுக்கமாக எழுதிவிட்டுக் கடைசியில் பூவால் ஒரு மோதிரம் செய்து மாட்டிவிட்டால் சரியாகிவிடுமா? அவன் சம்பளம் மாறவில்லை, அவள் ஆசை மாறவில்லை. ரெண்டு மணி நேரம் ரூபாய் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்த்த படம் கடைசிப் பத்து நிமிஷம் பில்லையே எடுத்துப் பார்க்கவில்லை.

நான்: அது இல்லாவிட்டால் காதல் படம் எப்படி முடியும் அக்கா?

சித்தப்பா: முடியாமலும் போயிருக்கலாம். 1989இல் வந்த வென் ஹாரி மெட் சாலி என்ற காதல் படத்தில் முதலில் எழுதிய முடிவில் ரெண்டு பேரும் சேரவே மாட்டார்கள். இயக்குநர் விவாகரத்து ஆகி வருஷக்கணக்காகத் தனியாக இருந்தவர், அந்தச் சலிப்பில் பிறந்த கதை அது. ஷூட்டிங் சமயத்தில் அவருக்கே ஒருத்தரைப் பிடித்துப்போய்விட்டது, முடிவையும் மாற்றிவிட்டார். ஆனால் அங்கே சேருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் பேசியே தீர்த்திருப்பார்கள். இங்கே பேசவே இல்லை, அதுதான் குறை.

சித்தி: எந்த ஹாரி? கால் ஆபரேஷன் ஹாரியா?

சித்தப்பா: அவன் வேற, இவன் வேற. நீ படம் பார்த்தாயா இல்லையா?

சித்தி: குகை மனுஷன் மோதிரம் போட்டான், அதுவரைக்கும் பார்த்தேன்

தம்பி: சித்தி அது முதல் சீன் 😭😭

சித்தி: உங்க சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சீனுக்கும் விளக்கம் சொன்னார், தூக்கம் வந்துவிட்டது. சரி அதை விடு. கடைசியில் அந்த பார்க்கிங் காசை யார் கொடுத்தது?

அக்கா: யாரும் கொடுக்கவில்லை சித்தி. வண்டியை நிறுத்தவே இல்லை.