எலக்சன் வந்தா கச்சத்தீவு, முடிஞ்சா ஆளையே காணோம்: ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட உருப்படியா என்னதான் கேக்குறது?

வடகடல்வாசி (தங்கச்சிமடம்):
மக்களே ஒரு சந்தேகம், எரிச்சல்னே வச்சுக்கங்களேன். நம்ம பக்கம் ஓட்டு கேட்டு எவன் வந்தாலும் மைக்க புடிச்ச உடனே கச்சத்தீவ மீட்போம்ங்குறான். 2024ல பார்லிமென்ட் எலக்சனுக்கு முன்னாடி டெல்லி வரைக்கும் இதே பேச்சுதான், டிவில ஒரே அடிதடி, அப்புறம் 2025 ஏப்ரல்ல சட்டசபைலயும் தீர்மானம் போட்டாங்க. சரி போடட்டும், அதுக்கு மறுநாள் கடலுக்குப் போன போட்டுக்கு என்ன மாறுச்சு? எங்க மாமா விசைப்படகுல டிரைவரா போறார், முன்னாடி ஒரு தடவ இலங்கைக்காரங்க புடிச்சு விடும்போதே இனி எல்லைக்குள்ள மாட்டுனா ஜெயில்தான்னு சொல்லி அனுப்பிருக்காங்க, அதுலயும் டிரைவர்னா தண்டன கூட. டோக்கன் வாங்கி போட் கெளம்புற அன்னைக்கு ராத்திரி எங்க அத்த வாசல்லயே உக்காந்துருக்கும். இங்க வீட்டுக்கு வீடு இதே கததான். தீவு தீவுன்னு கத்துறத விட்டுட்டு, ஓட்டு கேட்டு வர்றவன நிறுத்தி நாம கேக்க வேண்டிய கேள்வி என்ன? எல்லாரும் திருடனுங்கன்னு மட்டும் எழுதாதீங்க, அது எனக்கே தெரியும்.

நோட்டா நாகரிகன்:
பங்காளி, 2024ல நம்ம ராமநாதபுரம் தொகுதில பன்னீர்செல்வம்ங்குற பேர்லயே ஒரு கூட்டம் நின்னுச்சு, எங்க அப்பத்தா மிஷினுக்கு முன்னாடி எந்தப் பன்னீருன்னு தெரியாம முழிச்சுட்டு வந்துச்சு. நீங்க என்னடான்னா கேள்வி கேக்கப்போறேங்குறீங்க. நடக்கட்டும்.

பழைய சம்மாட்டி:
தம்பி, நான் விசைப்படகு வச்சுருந்து வித்துட்டு வந்தவன், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்க. 1974 ஒப்பந்தத்துல தீவு இலங்கைப் பக்கம் போச்சு, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா நம்ம மீனவரும் கோயிலுக்குப் போறவங்களும் விசா இல்லாம முன்ன மாதிரியே தீவுக்குப் போய் வரலாம்னு அதுலயே எழுதிருக்கு. நம்ம கழுத்துக்கு வந்தது 1976ல ரெண்டு நாடும் எழுதிக்கிட்ட கடிதம், உன் கடல்ல நான் புடிக்க மாட்டேன் என் கடல்ல நீ புடிக்காதன்னு. மேடைல 74அ பத்தி தொண்ட கிழிய பேசுறவன் ஒருத்தனும் 76அ பத்தி வாயத் தொறக்குறதில்ல. தீவு மொத்தமே 285 ஏக்கர், குடிக்கத் தண்ணி கூட கெடையாது. அது நாளைக்கே கைக்கு வந்தாலும் கடல் எல்லைக் கோடு கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான், நம்ம போட்டு இலங்கை நெடுந்தீவு பக்கம் வரைக்கும்ல போய் மடி, அதான் தரையோட இழுக்குற வல, இழுக்குது. ஏன் போறான்? இந்தப் பக்கம் பாடு இல்ல, மீன் படுறதில்ல. ஏன் பாடு இல்ல? இத்தன வருசமா தரையோட சொரண்டி எடுத்தாச்சு. இந்த இழுவைமடிய நம்ம ஊருக்குப் பழக்கினதே அரசாங்கம்தான், றால் வித்தா டாலர் வருதுன்னு மானியம் குடுத்து வளத்துவிட்டாங்க. அங்கிட்டு சண்டை நடந்த காலத்துல யாழ்ப்பாணத்து ஆளுங்க கடல்ல எறங்க முடியல, நாம போய் அள்ளிட்டு வந்தோம். 2009ல சண்டை முடிஞ்சு அவனும் வலைய எடுத்துட்டு வந்தான், அவனும் தமிழன்தான், அவன் வலைய நம்ம மடி அறுத்துட்டுப் போனா அவன் யாருகிட்ட அழுவான்? 2017ல இலங்கைல இழுவைமடியவே சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க, அடுத்த வருசம் வெளிநாட்டுப் போட்டுக்கு அபராதத்தயும் ஏத்திட்டாங்க. புடிச்ச போட்டு அங்க கரைல கெடந்து மக்கிப் போகுது, ஆளு திரும்பி வந்தாலும் போட்டு வராது, வட்டி மட்டும் நிக்காம ஓடும்.

பாம்பன் வல்லம்:
சம்மாட்டி அண்ணே உண்மையப் போட்டு ஒடச்சுட்டீங்க, ஆனா பாதிதான். இலங்கைக்காரன் வல மட்டுமா அறுபடுது, எங்க வல அறுபடலயா? கரைலேருந்து 3 மைலுக்குள்ள விசைப்படகு தொழில் பண்ணக்கூடாதுன்னு 1983 சட்டத்துலேருந்தே இருக்கு, வாரத்துல விசைப்படகுக்கு மூணு நாளு எங்கள மாதிரி நாட்டுப்படகுக்கு நாலு நாளுன்னு பிரிச்சும் விட்டாச்சு, ஆனா நண்டு வல போட்டுட்டு விடிஞ்சு போய் பாத்தா வெறும் மிதப்பு கெடக்கும். யாருகிட்ட சொல்றது, எழுதிக் குடுத்தா வாங்கி வச்சுக்குவாங்க, அதோட சரி. ரெண்டு போட்டு சேந்து இழுக்குற இரட்டைமடி தடைதான், இருந்தும் எங்க இழுக்குறாங்கன்னு ஊருக்கே தெரியும். இதப் பத்தி எந்தக் கட்சிக்காரனும் பேச மாட்டான், ஏன்னா கூட்டத்துக்கு பந்தல் போடுறதே பெரிய போட்டுக்காரங்க காசு.

பழைய சம்மாட்டி:
பந்தல் காசு நானும் குடுத்துருக்கேன் தம்பி, அத மறுக்கல. ஆனா ஒரு போட்டுல அஞ்சாறு பேர் போறான், அவனுக்கு வேற தொழில் என்னன்னு சொல்லாம மடிய மட்டும் புடுங்குனா ஊரே பட்டினிதான்.

வடகடல்வாசி:
அதுக்குத்தான ஆழ்கடல் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, சூரை மீன் புடிக்கிற போட்டு? அது என்ன ஆச்சு?

மூக்கையூர் மருமகன்:
நான் சொல்றேன், எங்க மச்சினன் அந்த போட்டுல போயிட்டு வந்தவன். 2017ல ஆரம்பிச்சது, இழுவைமடி போட்ட ஒப்படைச்சா 80 லட்சத்துல புது போட்டு, பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநிலம், 20 சதவீதம் பேங்க் கடன், மிச்சம் 10 நம்ம கைக்காசு. மூணு வருசத்துல 2000 போட்டுன்னாங்க, அதுக்குக் கிட்டக்க கூட போகல. கணக்கு நல்லாத்தான் இருந்துச்சு, கடல்தான் வேற. வடகடல், அதான் பாக் நீரிணை, ஆழம் கம்மி, சூரை அங்க நமக்காக வந்து நிக்காது, மன்னார் வளைகுடா தாண்டி நாள் கணக்கா தங்கி தூண்டில் போடணும், ஐஸ் வேணும், மீனக் கெடாம கொண்டு வரணும், கொண்டு வந்தா நல்ல வெலைக்கு எடுக்க ஏவாரி வேணும். சாயங்காலம் போயி காலைல கரைக்கு வர்ற ஆளுகிட்ட இதக் குடுத்துட்டு பழக்காம விட்டா என்ன ஆகும்? ஒரு தங்கலுக்கு டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட காசு வரலன்னா அடுத்த தங்கலுக்கு ஆளு வராது, பேங்க் தவணை மட்டும் கரெக்டா வரும். மச்சினன் இப்ப கேரளா போட்டுக்குப் போயிட்டான். அப்புறம் போட்டு வெலையும் ஏறி அந்த 80 லட்சம் பத்தல, நம்ம போட வேண்டிய காசும் சேந்து ஏறிப்போச்சு. ஆனா திட்டமே தப்புன்னு சொல்ல மாட்டேன், அரைகுறையா விட்டதுதான் தப்பு.

சின்னப்பாலத்துப் பொண்ணு:
எல்லா அண்ணன்களும் போட்டு போட்டுன்னே பேசுறீங்க. எங்கம்மா பாசி எடுக்கப் போறவங்க, மரிக்கொழுந்துப் பாசி, கண்ணாடியக் கட்டிட்டு மூச்சடக்கி முங்கணும், கையெல்லாம் பாறை கிழிச்சுரும். மன்னார் வளைகுடால 21 தீவு, 1986லேருந்து தேசியப் பூங்கா, தீவு பக்கம் போனா எப்ப நிறுத்துவாங்க எப்ப விடுவாங்கன்னு தெரியாது. பவளப்பாறைய காப்பாத்தணும், நான் வேணாங்கல, ஆனா முங்கி எடுக்குற பொம்பளைய வெரட்டிட்டு தரைய சொரண்டுற மடிய விட்டா என்ன நியாயம்? மீன்பிடித் தடைக்காலத்துல ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு, அரசு நிவாரணம் 5000 குடுத்தது 8000 ஆச்சு, சரி, அந்த 8000த்துல தண்ணிக்கே எவ்வளவு போகுதுன்னு யாராவது கேட்டீங்களா? காவிரித் தண்ணி கொழாய் தெருவுல இருக்கு, வர்ற நாளுதான் தெரியல, வண்டித் தண்ணி குடம் 10 ரூபா. சுத்தி கடல வச்சுக்கிட்டு குடத்தத் தூக்கிட்டு அலையுறோம். புது பாம்பன் பாலம் 2025ல தொறந்தாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கு, எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

நோட்டா நாகரிகன்:
இந்தப் பொண்ணு நின்னா நோட்டாவ விட்டுட்டு ஓட்டு போடுவேன்.

சின்னப்பாலத்துப் பொண்ணு:
எங்க நிக்கிறது? ஊராட்சி பதவிக்காலம் 2025 ஜனவரிலயே முடிஞ்சு தனி அலுவலர் கைல போயிருச்சு. கொழா ஒடஞ்சா போய் நிக்க ஒரு வார்டு மெம்பர் கூட இல்ல, கச்சத்தீவுக்கு மட்டும் எல்லாரும் இருக்காங்க.

வடகடல்வாசி:
சரி, எனக்கு கேள்வி கெடச்சுருச்சு. ஒண்ணு, ராமேஸ்வரத்துலயும் மண்டபத்துலயும் எத்தன இழுவைமடி போட்ட எத்தன வருசத்துல மாத்துவ, அதுவரைக்கும் அதுல போற கூலி ஆளுக்கு என்ன குடுப்ப. ரெண்டாவது, ரெண்டு பக்கத்து மீனவங்களையும் உக்கார வச்சு மறுபடி எப்ப பேச வைப்ப. மூணாவது தங்கச்சி கேட்ட தண்ணி. பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுத் தரணும். மாமாகிட்ட சொன்னேன், முதல் கேள்விய மீனவர் சங்கத்துல படிச்சா நம்மாளுங்களே அடிக்க வருவாங்கடான்னார்.

பழைய சம்மாட்டி:
வருவாங்க. கூப்பிடு, நானும் வர்றேன்.