உப்புப் பூக்கும் கிராமத்து ஆலயச் சுவர்: சிமெண்டா, சுண்ணாம்புக் காரையா?

தேரிமேடு:
திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்று. 1870களில் கட்டியது. செங்கல், சுண்ணாம்புக் காரை, இரண்டடி கனச் சுவர். உள்ளே தரையிலிருந்து மூன்றடி, நாலடி உயரம் வரை உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. சேகரக் கமிட்டியின் (சுற்றுவட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழு) தீர்மானம் இது: பழைய காரையை முழுக்கக் கொத்திவிட்டு சிமெண்ட் பூச்சு, தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸ், சுவரின் அடியில் நாலடிக்கு கிரானைட் ஒட்டுவது. பிரதிஷ்டைப் பண்டிகைக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். வெளியூரிலிருந்து ஆலயம் பார்க்க வருகிறவர்களுக்கு வார நாளிலும் திறந்துவிடலாமா என்றும் பேச்சு இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்கலவை:
மூன்று வேலையும் வேண்டாம். மூன்றுமே ஈரத்தை உள்ளே அடைப்பவை.

அந்தக் காலச் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கும். சுண்ணாம்புக் காரை அதைக் காற்றில் விட்டுவிடும். ஈரத்தோடு வந்த உப்பு மட்டும் காரையின் முகத்தில் தங்கிப் படிகமாகி, காரையைத் தள்ளி உதிர்க்கும். அதாவது உதிர்வது காரை, தப்பிப்பது செங்கல். காரையைப் பத்து, இருபது வருஷத்துக்கு ஒருமுறை அந்த இடத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி இல்லை. உப்பு பூச்சுக்குப் பின்னால் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். ஏழெட்டு வருஷம் கழித்துப் பூச்சு பலகை பலகையாகப் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதற்கு மாற்று கிடையாது.

கிரானைட் ஒட்டினால் இன்னும் மோசம். நாலடியில் நின்ற ஈரம் கிரானைட்டுக்கு மேலே ஆறடி, ஏழடியில் வந்து பூக்கும். டைல்ஸும் அப்படித்தான். தரை முழுக்க மூடிவிட்டால், அடியிலுள்ள ஈரத்துக்கு இருக்கும் ஒரே வழி சுவர்.

சபைக்கணக்கு:
எழுத நன்றாக இருக்கிறது அண்ணாச்சி. சபை நடத்துகிறவர்கள் பக்கமிருந்தும் பாருங்கள். காரை வேலை தெரிந்த கொத்தனார் சுற்றுவட்டாரத்தில் இல்லை. வெளியூரிலிருந்து கூட்டி வந்தால் தங்குமிடம், சாப்பாடு, இரட்டிப்புக் கூலி. சபையாரில் பாதிப்பேர் தினக்கூலிக்காரர்கள், காணிக்கை எவ்வளவு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளைச் சேலையில் வந்து உட்காருகிற அம்மாமார் மேல் காரைப்பொடி கொட்டுகிறது. வயசானவர்கள் குழிவிழுந்த தரையில் இடறுகிறார்கள். இது அருங்காட்சியகம் இல்லை, வாராவாரம் கூடி ஜெபிக்கிற இடம். சிமெண்ட் பூசிய ஆலயங்கள் எத்தனையோ ஊரில் நின்றுகொண்டுதானே இருக்கின்றன?

காரைக்கலவை:
நிற்கின்றன. அந்தச் சுவர்களை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்கும் இடமெல்லாம் பூச்சு சுவரை விட்டு விலகிவிட்டது. காரைப்பொடி விழுவது தொந்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பூச்சுக் கோளாறு இல்லை, தண்ணீர்க் கோளாறு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதைப் பூசினாலும் காசு வீண்.

முதலில் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். 150 வருஷத்தில் சாலை உயர்ந்திருக்கும், வளாகத்தில் மண் கொட்டி மேடாக்கியிருப்பார்கள், அஸ்திவாரப் பீடமே புதைந்திருக்கும். வெளிமண் உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டிருந்தால் உடைத்து எடுங்கள். மண்ணின் ஈரம் அங்கே வெளியேற முடியாமல் சுவருக்குத்தான் போகிறது. அந்த இடத்தில் ஓரடி அகலம், ஒன்றரையடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து 40 மி.மீ. ஜல்லி நிரப்பலாம், ஆலயத்தை விட்டு விலகும்படி வாட்டம் வைத்து. பள்ளம் எடுக்கும் முன் ஒரு மூலையில் சோதித்து அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பழைய அஸ்திவாரம் ஆழமில்லாமல் இருப்பது சகஜம். அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் சுவர் இறங்கும். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்கவும் கூடாது, ஆறடி ஆறடியாக.

பிறகு கூரை. ஓட்டுக்கூரையானால் உடைந்த ஓடு, பீலி (கூரை ஓரத்துத் தண்ணீர் வாய்க்கால்), தண்ணீர் இறங்கும் குழாய். மெட்ராஸ் டெரஸ் (மரவிட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிக் காரை போட்ட தட்டைக் கூரை) ஆனால் மேலே பதித்த தட்டோட்டு இணைப்புகள், மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு வாய். தூம்பில் ஒரு பறவைக் கூடு இருந்தால் போதும், விட்டத்தின் முனை ஊறிக் கரையான் ஏறும். இதெல்லாம் முடிந்தபின் ஒரு மழைக்காலம் விட்டு, சுவர் காய்ந்ததும் பூச்சைப் பற்றி யோசியுங்கள்.

சபைக்கணக்கு:
பள்ளத்தையும் கூரையையும் ஒத்துக்கொள்கிறேன், அதைச் சபை வாலிபர்களே செய்யலாம். காரை என்கிறீர்களே, அளவு யாருக்குத் தெரியும்? ஒரு மேஸ்திரி முட்டை என்பார், இன்னொருவர் கருப்பட்டி என்பார்.

காரைக்கலவை:
முட்டை மேல்பூச்சு வழுவழுப்புக்குத்தான், அடிப்பூச்சுக்குத் தேவையில்லை. சாதாரண வேலைக்கு இது போதும்.

நன்றாக வெந்த சுண்ணாம்புக்கல்லை வாங்குங்கள். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கொதி அடங்கியதும் 3 மி.மீ. சல்லடையில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊறட்டும். மூன்று மாதம் ஊறினால் வெண்ணெய்போல் வரும். மூட்டையில் விற்கும் தூள் சுண்ணாம்பு கடையில் பல மாதம் கிடந்திருந்தால் செத்துப்போயிருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து ஆசிட் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது இனி இறுகாது.

ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஈரச் சுவரானால் மணலில் அரைப் பங்கைக் குறைத்து, சுட்ட செங்கல் பொடி அரைப் பங்கு சேர்க்கலாம். கடல்மணல் கூடாது. உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கூடாது. உப்பைத் துரத்தும் வேலையில் உப்பையே கலந்து பூசுவதாகிவிடும். கடுக்காயை இடித்துக் கருப்பட்டியோடு பத்து நாள் ஊறப்போட்ட தண்ணீரில் குழைப்பது பழைய முறை. அளவு ஆளுக்கு ஆள் மாறும். கருப்பட்டியை அள்ளிப் போட்டால் இறுக நாளாகும், பூஞ்சையும் எறும்பும் வரும்.

பழைய காரையை முழுக்கக் கொத்தாதீர்கள். தட்டினால் கெட்டியாக ஒலிப்பதை விட்டுவிட்டு, பொள்ளலான இடத்தையும் உப்பு தெரியும் கோட்டுக்கு மேலே ஓரடியையும் மட்டும் எடுங்கள். செங்கல் இணைப்பை முக்கால் அங்குலம் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ள வேண்டும். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். பூசும் முன் சுவரை நன்றாக நனைக்கணும். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம், இரண்டாவது 6 முதல் 8 மி.மீ. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி. நனைந்த சாக்கு கட்டி இரண்டு வாரம் ஈரம் காக்க வேண்டும். வெயிலில் விட்டால் மாவாகும்.

மேஸ்திரி “ஒரு சட்டி சிமெண்ட் போட்டால் சீக்கிரம் இறுகும்” என்பார். விடாதீர்கள். அந்த ஒரு சட்டியால் காரையும் கெடும், சிமெண்டின் பலமும் வராது. மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் இத்தனை பாடும் வீண். பால்போல் நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பு வெள்ளை மூன்று, நாலு தடவை.

மணிக்கூண்டு:
சுவரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். கோபுரத்தைக் கவனிக்கவில்லை என்றால் அதுதான் முதலில் விழும். மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயக் கோபுரம் 192 அடி. அவ்வளவு உயரம் இல்லாவிட்டாலும் கோளாறுகள் ஒன்றுதான்.

புனல் ஸ்பீக்கரைப் பிடிக்க இரும்பு போல்ட் அடித்திருப்பார்கள். இரும்பு துருப்பிடித்தால் பருமன் பல மடங்காகி, சுற்றியுள்ள காரையையும் கல்லையும் பிளக்கும். கடல்காற்றில் இது வேகமாக நடக்கும். கழற்றி எடுத்து, துருவேறாத ஸ்டீல் பட்டையை கோபுரத்தைச் சுற்றிக் கட்டி அதில் மாட்டுங்கள், துளையே வேண்டாம். இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது, வேர் கல்லோடு வரும். தண்டை அறுத்து, வெட்டு முகத்தில் களைக்கொல்லி தடவி, வேர் செத்தபின் இடைவெளியைக் காரையால் அடைக்க வேண்டும். இடிதாங்கியின் செம்புப் பட்டை திருடு போயிருக்கிறதா என்று பாருங்கள். மேலே கம்பி நிற்கும், நடுவில் பட்டை இருக்காது. அது இடிதாங்கி இல்லாததைவிட ஆபத்து. மின்னலை மண்ணில் இறக்கும் எர்த் இணைப்பின் தடை 10 ஓமுக்குள் இருக்கிறதா என்று மழைக்கு முன் அளக்கச் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
திறந்துவிடுவது பற்றி. கட்டாயம் திறக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் ஆலயத்தில் ஒழுகல் ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும், தினமும் ஆள் வந்தால் அன்றைக்கே தெரியும். கதவு, ஜன்னல் திறந்தால் சுவரும் காயும். இடையன்குடியில் கால்டுவெல் கல்லறையைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயம் 1718இல் கட்டியது, அதைக் கட்டிய மிஷனரி சீகன்பால்கின் கல்லறை உள்ளே இருக்கிறது, அங்கும் வருகிறார்கள். மணப்பாடு திருச்சிலுவை ஆலயத்துக்குச் செப்டம்பர் திருவிழாவில் வரும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

சபைக்கணக்கு:
அந்த ஊர்களில் நின்று பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இங்கே ஆலயத்தைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஒருவர்தான், அவருக்கும் வயசாகிவிட்டது. வருகிறவர்கள் பலிபீடத்து மேல் ஏறிப் படம் எடுக்கிறார்கள், மணியை இழுக்கிறார்கள். திறப்பதற்கு நான் எதிர்ப்பு.

வழிப்போக்கன்:
நாள் முழுக்க வேண்டாம், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். பலிபீடத்தின் முன் கிராதியில் கயிறு, கோபுரப் படிக்குப் பூட்டு. பலகைத் தளமுள்ள பழைய கோபுரத்தில் பொறியாளர் பார்க்காமல் யாரையும் ஏற்றக் கூடாது. சாவிக்கு அழைக்க வேண்டிய எண்ணைக் கதவிலேயே எழுதி வையுங்கள். வருகிறவர்களும் ஆராதனை நேரம், அசன (சபை விருந்து) நாள் கேட்டுக்கொண்டு வர வேண்டும். அசனத்தன்று கூட்டத்தில் கட்டடத்தைப் பார்க்க முடியாது, சாப்பிடத்தான் முடியும்.

இன்னொன்று. இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கிற குடும்பத்தார் பாட்டன், பூட்டன் பெயர் தேடி ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டு வருவார்கள். அசல் ஏட்டைக் கையில் கொடுக்கக் கூடாது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதைக் காட்டுங்கள். கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷன் செய்தால் அந்தத் தாளைத் திரும்பக் காப்பாற்ற முடியாது. பீரோ ஈரச் சுவரை ஒட்டி நிற்காமல் அரையடி தள்ளி நிற்கட்டும்.

மணிக்கூண்டு:
கல்லறைக் கல்வெட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குச் சுத்தம் பண்ணுகிறோம் என்று ஆசிட் ஊற்றுகிறார்கள். பளிங்கு கரைந்து எழுத்து மழுங்கிவிடும். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும்.

தேரிமேடு:
எல்லாருக்கும் நன்றி. அரசு நிதி கேட்டு விண்ணப்பிக்கவும் யோசனை இருக்கிறது. அதில் காரை வேலையைக் காட்ட முடியுமா? பண்டிகைக்குள் எதை முடிக்கலாம்?

காரைக்கலவை:
தமிழக அரசு பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்கக் கட்டட வயதை வைத்து நிதி தருகிறது. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நடப்பு விதிகளைக் கேளுங்கள். மதிப்பீட்டில் வெறுமனே ‘பூச்சு’ என்று எழுதினால் ஒப்பந்ததாரர் சிமெண்டுதான் பூசுவார். கலவை விகிதம், பூச்சின் கனம், நனைக்கும் நாள் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத வையுங்கள். பண்டிகைக்குள் கூரையும் சுண்ணாம்பு வெள்ளையும் முடியும். பள்ளத்தைப் புரட்டாசிக்குள் எடுத்துவிடுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். பூச்சு தையில் ஆரம்பித்துப் பங்குனிக்குள்.

சபைக்கணக்கு:
சரி, வடக்குச் சுவரில் பத்தடிக்குப் பத்தடி காரை பூசிப் பார்க்கலாம் என்று கமிட்டியில் நானே சொல்கிறேன். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம். தரைக்கு மட்டும் டைல்ஸை விட மாட்டேன், முதியவர்கள் பாடு பெரிது.

காரைக்கலவை:
முதியவர்களுக்காகவென்றால் விட்ரிஃபைட் இன்னும் ஆகாது. மழை நாளில் ஈரக்காலோடு வந்தால் வழுக்கும். சொரசொரப்பான கடப்பாக்கல்லையோ சுட்ட மண் ஓட்டையோ சுண்ணாம்பு மணல் படுகையில் பதித்து, இணைப்பைக் காரையால் அடையுங்கள். தரை சமமாகவும் இருக்கும், ஈரமும் போகும். பீடத்தின் முன்னால் பழைய தரை உடையாமல் இருந்தால் அந்தப் பகுதியைத் தொடாதீர்கள்.

சபைக்கணக்கு:
கடப்பாக்கல் விலை விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.