கமிட் செய்தேன், ஆனால் அனுப்பவில்லை

கோத்தகிரிக்காரர்:
சர்வர் பராமரிப்பு வேலையில் சேர்ந்த புதிதில், அமைப்புக் கோப்பைத் திருத்துமுன் அதை நகலெடுத்துக்கொள்வேன். 'பழையது', 'பழையது2', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர்கள் நீண்டன. ஓர் இரவு தளம் படுத்துவிட்டது. நான்கில் எது சரியாக ஓடிய கோப்பு என்று வைத்த எனக்கே தெரியவில்லை. விடியும்வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

மூத்த அண்ணன் ஒருவர் திட்டவில்லை. கோப்புகளின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) மென்பொருளை அந்தக் கோப்புறையிலேயே தொடங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கமிட், அதாவது குறிப்போடு ஒரு பதிவு. எதை மாற்றினாய் என்பதைவிட ஏன் மாற்றினாய் என்று எழுது என்றார்.

அடுத்து ஐப்பசி மழை. மின்சாரம் இல்லை, டவரும் இல்லை. மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜில் கமிட் செய்தேன், தடையின்றி நடந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காகக் கிட்டை உருவாக்கியபோதே, முழு வரலாறும் அவரவர் கணினியில் இருக்கும்படிதான் அமைத்தார். அந்த மகிழ்ச்சியில் "வேலை முடிந்தது" என்று மறுநாள் சொல்லிவிட்டேன். அண்ணன் திரையில் ஒன்றுமே இல்லை. புஷ் செய்யவில்லை, அதாவது பொதுவான இடத்துக்கு அனுப்பவில்லை! "கொழுந்தைப் பறித்துச் சாக்கில் கட்டிவிட்டாய், லாரியில் யார் ஏற்றுவது?" என்றார். அவர் வீட்டில் தேயிலைத் தோட்டம் உண்டு. உவமை அங்கிருந்துதான் வரும்.

குன்னூர்க்காரர்:
நான் பட்டது வேறு. யாரோ சொன்னார்கள் என்று, கோப்புகளைப் பழைய கமிட்டின் நிலைக்கே கொண்டுபோகும் 'ரீசெட் ஹார்ட்' கட்டளையை அடித்தேன். கமிட் செய்யாத அரைநாள் திருத்தம் போயே போய்விட்டது. கமிட் செய்திருந்தால், கிட் தன் நகர்வுகளைக் குறித்துவைக்கும் 'ரெஃப்லாக்' பார்த்துத் தேடி எடுத்திருக்கலாம். எல்லோரும் பயன்படுத்தும் கிளையில் (கமிட்டுகளின் பொதுவான தொடரில்) இப்போதெல்லாம் 'ரிவர்ட்' மட்டும்தான். அது பழையதை அழிக்காது. தவறான மாற்றத்துக்கு எதிர்மாற்றத்தைப் புதிய கமிட்டாகச் சேர்க்கும். யார், எப்போது சறுக்கினார் என்பதும் பதிவில் நிற்கும். கொஞ்சம் கூச்சம்தான், இருக்கட்டும்.

ஊட்டிக்காரர்:
தரவுத்தளக் கடவுச்சொல்லோடு ஒரு கோப்பைப் புஷ் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அந்த வரியை நீக்கி நிம்மதியாகத் தூங்கியவன் நான். வரலாற்றைப் புரட்டினால் முந்தைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது. முதலில் கடவுச்சொல்லையே மாற்றுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.

கோத்தகிரிக்காரர்:
இதைப் படித்ததும் என் முதல் கமிட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது வரியில் கடவுச்சொல் இருக்கிறது. அண்ணனைக் கூப்பிடப் போகிறேன்.