அண்ணனின் இடுப்பு வலிக்கு யாரைப் பார்க்கலாம்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஓர் உதவி. அம்பாசமுத்திரத்தில் அரிசிக்கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தை) பிதுங்கியிருக்கிறதாம். வலி இடது கால் பெருவிரல் வரை இறங்குகிறது. மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு சாண் தூக்கினாலே துடித்துப்போகிறார்.

ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையால் அழுத்தி முதுகெலும்பைச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் வைத்தியத்தை முறையாகப் படித்தவர் பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் யாராவது உண்டா? ஸ்கேனைப் பார்த்து, முட்டியில் தட்டி, பெருவிரலில் பலம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே கை வைப்பவராக வேண்டும். எடுத்தவுடன் சடக்கென்று முறிக்கிற ஓர் ஆளிடம் போய், அப்புறம் இரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை மனுஷன்!

சிறுநீர் அடைத்தாலோ தொடையிடுக்கு மரத்துப்போனாலோ நேரே பெரிய ஆஸ்பத்திரிதான் என்று தெரியும். அதெல்லாம் இதுவரை இல்லை. போய் வந்தவர்கள் எத்தனை தடவை, எவ்வளவு ஆச்சு என்றும் சொல்லுங்கள்.