புல்வெட்டும் வண்டியின் முன்சக்கரம் ஆடுகிறது: புஷ் மட்டும் மாற்றினால் போதுமா?

செம்மண் வீடு:
எல்லோருக்கும் வணக்கம். வட கரோலினாவில் ராலே நகருக்கு வெளியே குடியிருக்கிறோம். வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் புல். அதற்காக, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கி நான்கு வருடமாக ஓட்டுகிறேன். 42 அங்குல டெக் (கத்திகள் சுழலும் அடிப்பகுதித் தகட்டு மூடி), முன்னால் 15x6.00-6 டயர்.

போன மாதத்திலிருந்து இடது முன்சக்கரம் சாய்ந்து நிற்கிறது. டயரின் மேல்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போகிறது. திரும்பும்போது கரகரவென்று சத்தம். வெட்டிய புல்லும் இடது பக்கம் குட்டையாகவும் வலது பக்கம் நெட்டையாகவும் நிற்கிறது. கிரீஸ் போடாமல் விட்டதில்லை, வருடத்துக்கு இரண்டு முறை அடிக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வாஷர் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். கடையில் புஷ் (சக்கரத்தின் நடுத்துளைக்குள் உட்காரும் சிறு குழாய்) விற்கிறார்கள். புஷ் மட்டும் மாற்றினால் போதுமா, முழுச் சக்கரமே வாங்க வேண்டுமா?

ஒன்டாரியோ தோட்டம்:
வாஷர் போட்டால் சக்கரம் அச்சின் நீளவாக்கில் நகர்வது குறையும். நீங்கள் சொல்வது சாய்வு. அது புஷ் தேய்ந்த ஆட்டம், வாஷருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் வண்டியிலும் இதே தொந்தரவு வந்தது. டயரோடு முழுச் சக்கரமாக வாங்கி மாட்டிவிட்டேன், அரை மணி நேர வேலை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

கழற்றும் முன் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் பிடுங்கி வையுங்கள். பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை டெக்கில் வைக்காதீர்கள், தகடு வளைந்துவிடும். முன் அச்சின் நடுவில் வைத்துத் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பீளமேடு லேத்:
தம்பி, கடைக்குப் போவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி அளந்து பாருங்கள். புது புஷ்ஷோ புதுச் சக்கரமோ, உள்ளே போகிற ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டியிருக்கும் தண்டு) தேய்ந்திருந்தால் அந்தப் பணம் ஒரு சீசனுக்குத்தான் வரும். கோயம்புத்தூரில் இருபது வருடம் லேத்தில் நின்றவன் நான். டிராக்டர் முன்சக்கரத்துக்கு புஷ் அடித்துக் கொடுத்த கையோடு, அடுத்த அறுவடைக்குள் அதே ஆள் திரும்பி வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஹப் (சக்கரத்தின் நடுக்குழாய்) மேல் இருக்கும் கேப்பை நெம்பி எடுத்தால் உள்ளே ஒரு லாக் தெரியும். மாட்டுவண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படித்தான் இது, சக்கரம் கழன்று ஓடாமல் பிடிப்பது இது ஒன்றுதான். தட்டை ஸ்குரூடிரைவரால் தள்ளும்போது தெறிக்கும், மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று படம் எடுத்து வைத்துவிட்டுச் சக்கரத்தை உருவுங்கள்.

வெர்னியர் அளவுகோல் எடுத்து ஸ்பிண்டிலை மூன்று இடத்தில் அளக்க வேண்டும். நடுவில் ஒன்று: அங்கே புஷ் தொடாது, எனவே பழைய அளவு அப்படியே இருக்கும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 3/4 அங்குலம், அதாவது 19 மி.மீ. அப்புறம் உள்பக்க புஷ், வெளிப்பக்க புஷ் உட்கார்ந்த இடங்கள். ஒவ்வொன்றையும் மேல்-கீழாக ஒரு தடவையும் பக்கவாட்டில் ஒரு தடவையும் எடுங்கள்.

செம்மண் வீடு:
அண்ணா, கழற்றிவிட்டேன். உள்பக்க பிளாஸ்டிக் புஷ்ஷின் துளை 20.5 மி.மீ. ஆகியிருக்கிறது. வெளிப்பக்க புஷ் நான்கு துண்டாக வந்தது. அது உட்கார்ந்த ஹப் துளை எல்லாப் பக்கமும் 35.6 மி.மீ., உள்பக்கத் துளை 34.9.

ஸ்பிண்டில் நடுவில் 19.0. வெளி புஷ் இருந்த இடத்தில் பக்கவாட்டில் 18.9, மேல்-கீழாக 18.2. தடவிப் பார்த்தால் அடிப்பக்கம் மட்டும் தட்டையாக இருக்கிறது. அளவு தப்பா என்று மூன்று முறை எடுத்துவிட்டேன்.

பீளமேடு லேத்:
அளவு சரிதான். ஸ்பிண்டில் சுற்றாமல் நிற்கிறது, வண்டியின் பாரம் முழுவதும் அதன் அடிப்பக்கத்தில்தான் எப்போதும் அழுத்துகிறது. அதனால் அடி மட்டும் தேயும். ஹப் சுற்றுவதால் அதன் துளை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெரிதாகும். உங்கள் புஷ் முதலில் ஸ்பிண்டிலைத் தின்றிருக்கிறது. அப்புறம் உடைந்து ஹப்புக்குள் சுற்ற ஆரம்பித்து அதையும் அகலமாக்கிவிட்டது.

0.8 மி.மீ. தேய்ந்த ஸ்பிண்டிலில் புது புஷ் போட்டால் முதல் நாளே ஆட்டம் இருக்கும். ஸ்பிண்டிலை மாற்றிவிடுங்கள். மேலே ஒரு லாக், கீழே ஸ்டியரிங் கம்பி, இவ்வளவுதான் அதைப் பிடித்திருக்கும். இடதும் வலதும் ஒன்றல்ல, வண்டியின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். அச்சில் ஸ்பிண்டில் நிற்கிற துளையிலும் ஆட்டம் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். வெல்டு ஏற்றி லேத்தில் கடைந்தும் சரி செய்யலாம், நம் ஊரில் அதைத்தான் செய்வோம். அங்கே கூலி கொடுத்தால் புதியதின் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்தது ஹப். புது புஷ்ஷின் வெளி அளவு 1-3/8 அங்குலம், 34.9 மி.மீ. உங்கள் துளையில் 0.7 இடைவெளி, அதாவது பக்கத்துக்கு 0.35. பேரிங் ஒட்டும் பசை மட்டும் இவ்வளவு இடைவெளியைத் தாங்காது. துளையைக் கடைந்து ஸ்லீவ் (உள்குழாய்) இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், இந்தச் சக்கரங்களின் ஹப் குழாய் மெல்லியது. 0.3 மி.மீ. எஃகு ஷிம் தகட்டை ஒரே சுற்று, நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வெட்டி, பசை தடவி புஷ்ஷோடு சேர்த்து உள்ளே இழுங்கள்.

ஒன்டாரியோ தோட்டம்:
ஸ்பிண்டில் தேயும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் வண்டியையும் இந்த வாரம் கழற்றிப் பார்க்கிறேன். ஆனால் ஹப் இந்த அளவுக்குப் போனபின் ஷிம் வைப்பதைவிட ரிம்மை மாற்றுவது நல்லது என்றுதான் இன்னமும் சொல்வேன்.

பீளமேடு லேத்:
அம்மா, நல்ல ரிம் குறைந்த விலையில் கிடைத்தால் நானும் அதையே செய்வேன். கிடைக்காதவருக்கு ஷிம்.

செம்மண் வீடு:
ஸ்பிண்டிலுக்குச் சொல்லிவிட்டேன். ரிம் விலை அதிகமாக இருக்கிறது, ஷிம்மே வைக்கிறேன். கடையில் புஷ்ஷுக்குப் பதில் பால் பேரிங்கும் இருக்கிறது, அதே அளவு. அது நல்லதா?

பீளமேடு லேத்:
இரண்டும் ஓடும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் 15 அங்குல டயர் நிமிடத்துக்கு 110 சுற்றுதான் சுற்றும். முக்கால் ஏக்கருக்கு ஏறக்குறைய 3 கி.மீ., 2,500 சுற்று. இந்த வேகத்துக்கு வெண்கல புஷ்ஷும் கிரீஸும் தாராளம். ஷிம் வைத்த துளை கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் புஷ் பொறுத்துக்கொள்ளும், பேரிங் பொறுக்காது. அதனால் உங்களுக்கு வெண்கலம்.

சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள், விளிம்பு உடையும். நீளமான போல்ட்டில் இரு பக்கமும் பெரிய வாஷர் கோத்து, நட்டை முறுக்கி மெதுவாக உள்ளே இழுங்கள். பசை காய ஒரு நாள் விடுங்கள்.

செம்மண் வீடு:
முடிந்தது. சக்கரம் நிமிர்ந்து நிற்கிறது, சத்தம் இல்லை. டெக்கையும் சமப்படுத்தினேன், முன்பக்கம் பின்பக்கத்தைவிட 5 மி.மீ. தாழ. புல் ஒரே மட்டமாக விழுகிறது. உங்கள் இருவருக்கும் நன்றி, அளக்காமல் புஷ் வாங்கியிருந்தால் அந்தக் காசு வீண்தான்.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. மாட்டுவதற்கு முன் ஹப்பைத் துடைத்தபோது உள்ளே பழைய கிரீஸ் ஒரு பொட்டுகூட இல்லை. துருவும் செம்மண்ணும்தான். நான்கு வருடமாக நான் அடித்ததெல்லாம் எங்கே போனது?

பீளமேடு லேத்:
கிரீஸ் நிப்பிளை (கிரீஸ் உள்ளே போகும் சிறு முனை) கழற்றி ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். அழுத்தும்போது கிரீஸ் துப்பாக்கியின் வாயோரமாகப் பிதுங்கி வந்ததா?

செம்மண் வீடு:
ஆமாம் அண்ணா, எப்போதும் பிதுங்கும். நிறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவேன். இப்போது கம்பி உள்ளே போகவே இல்லை. களிமண் கல்லாக இறுகியிருக்கிறது. வலது சக்கரத்திலும் அப்படியே.

பீளமேடு லேத்:
அப்படியானால் வலது சக்கரத்தையும் இன்றைக்கே கழற்றுங்கள். இரண்டுக்கும் புது நிப்பிள் போடுங்கள், மலிவான சாமான்தான். அடிக்கும் முன் நிப்பிளின் தலையைத் துணியால் துடையுங்கள். சக்கரத்தைத் தூக்கி வைத்து, சுற்றிக்கொண்டே அடியுங்கள். ஹப்பின் ஓரத்தில், வாஷர் பக்கமாகப் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தாதீர்கள். வலது ஸ்பிண்டிலின் அளவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.