சர்வீஸுக்கு இடையில் இன்ஜின் ஆயில் டாப்-அப்: எப்போது, எவ்வளவு, எந்த ஆயில்?

டாப்-அப்பில் வரும் குளறுபடி பெரும்பாலும் அளக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஓடி வந்த வண்டியை நிறுத்திய கையோடு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளக்கும் கம்பி) உருவினால் அளவு குறைவாகத்தான் காட்டும். ஆயிலில் ஒரு பங்கு இன்னும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலும் வால்வ் பக்கத்திலும் நிற்கும். அது இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்க 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். அந்த அவசரக் கணக்கை நம்பி அரை லிட்டர் ஊற்றினால், எல்லாம் இறங்கிய பிறகு டிப்ஸ்டிக்கில் அதிகபட்ச அளவைக் காட்டும் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். லேசான சரிவிலும் ஆயில் சம்ப்பின் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். டிப்ஸ்டிக் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் பொறுத்து கூடவும் காட்டும், குறையவும் காட்டும்.

முதல் தடவை உருவும்போது தெரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஓட்டத்தில் தெறித்த ஆயில் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்து கம்பி முழுக்கப் பூசிக்கொண்டு வரும். நூல் பிரியாத துணியால் துடைத்து, அடி வரை செருகி, திரும்ப உருவுங்கள். கம்பியின் இரண்டு முகங்களையும் பார்க்க வேண்டும். ஒரு முகத்தில் கோடு சுத்தமாக இருக்கும், மறுமுகத்தில் மேல் வரை இழுபட்டிருக்கும். எந்த முகம் குறைவாகக் காட்டுகிறதோ அதுவே சரியான அளவு. கம்பியைப் படுக்கை வசத்தில் பிடித்தே படியுங்கள். முனையை மேலே தூக்கினால் ஆயில் கைப்பிடிப் பக்கம் வழிந்து அதிகமாகத் தெரியும். ஆயில் மாற்றிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால் நிறமே தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பளபளப்பு எங்கே முடிகிறது என்று பார்த்தால் கோடு கிடைக்கும்.

சூடான இன்ஜினில் அளப்பதா, ஆறிய இன்ஜினில் அளப்பதா என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டில் சொன்னதுதான் கணக்கு. எந்த நிலையில் அளந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே நிலையில் அளந்தால்தான் போன மாத அளவோடு ஒப்பிட முடியும். டிப்ஸ்டிக்கே இல்லாமல் திரையில் மட்டும் அளவு காட்டும் கார்களில் ஊற்றியவுடன் புது அளவு வந்துவிடாது. இன்ஜின் சூடேறி, சமதளத்தில் நின்று, கார் தானாக அளந்து முடிக்கும் வரை இன்னொரு முறை ஊற்றிவிடாதீர்கள்.

* * *

அளவு பற்றி. பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஏறக்குறைய 1 லிட்டர். சின்ன இன்ஜின்களில் அதற்கும் குறைவு. ஆகவே பாதியில் நிற்கிறது என்றால் அரை லிட்டர்தான் குறைந்திருக்கிறது. கீழ்க்கோட்டில் நிற்பதைப் பார்த்துவிட்டு முழு 1 லிட்டர் கேனையும் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 250 மில்லி ஊற்றுங்கள், சில நிமிடம் பொறுங்கள், அளந்து பாருங்கள், பிறகு அடுத்த 250. மேல்கோட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, முக்கால் வரை வந்தால் போதும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் எங்கே நின்றாலும் இன்ஜினுக்குக் குறை கிடையாது.

கேனின் வாய் ஓரமாக இருந்தால் அந்த வாய் மேல்பக்கம் வரும்படி கேனைப் படுக்கவைத்துச் சாயுங்கள். காற்று உள்ளே போக வழி கிடைப்பதால் ஆயில் நூல்போல இறங்கும். வாய் கீழ்ப்பக்கம் இருந்தால் ‘குளுக் குளுக்’ என்று துப்பி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலும் பெல்ட் மேலும் தெறிக்கும். மேனிஃபோல்டில் சிந்தியதைத் துடைக்காமல் வண்டியை எடுத்தால் கருகும் வாடையோடு புகை வரும், நிறையச் சிந்தியிருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். புனல் இருந்தால் தொல்லையில்லை, ஆனால் அதைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். புனலில் ஒட்டிய மணல் நேரே இன்ஜினுக்குள்தான் போகும்.

மூடியை இன்ஜின் மேலேயே வைக்கும் பழக்கத்தை விடுங்கள். பானட் கொக்கியின் பக்கத்தில் வைத்தால் மறந்துபோய்ப் பானட்டை மூட முடியாது. மூடி இல்லாமல் ஓடிய வண்டியில் இன்ஜின் அறை முழுக்க ஆயில் குளித்திருக்கும். சில இன்ஜின்களில் கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோதுள்ள ஓட்டம்) ஆடும், செக் இன்ஜின் விளக்கும் எரியும்.

* * *

கூடிப்போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு: பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது அதன் எடைக்கட்டைகள் ஆயில் பரப்பில் அடிக்கும். மத்தால் கடைந்ததுபோல் ஆயில் நுரைக்கும். பம்ப் நுரையை இழுத்தால், தண்டைத் தாங்கும் பேரிங்குக்குப் போவதில் பாதி காற்று. ஆயில் பிரஷர் இறங்கும், ஹைட்ராலிக் டாப்பெட் (ஆயில் அழுத்தத்தால் வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) உள்ள இன்ஜினில் டிக்டிக் சத்தம் கேட்கும். ஆயில் அதிகமாக இருக்கும்போதே குறைவுக்கான அறிகுறி வரும் என்பதுதான் இதில் விபரீதம். சத்தம் கேட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினால் கதை முடிந்தது.

இன்னொரு பக்கம், கிராங்க் கேஸ் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கூடு) ஆவி போகும் குழாய் வழியாக ஆயில், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் ஏறும். பெட்ரோல் வண்டியில் நீலப் புகை வரும், நாளடைவில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பாழாகும். டீசலில் ஆபத்து அதிகம். ஏறிவரும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் அணையாமல் இன்ஜின் தறிகெட்டு ஓடக்கூடும்.

ஓரிரு மில்லிமீட்டர் மேலே நின்றால் பதற வேண்டாம். அரை லிட்டர் அளவுக்குக் கூடியிருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி, டிப்ஸ்டிக் துளை வழியே சம்ப் வரை விட்டு உறிஞ்சுவது சுலபம். ஆயில் சற்றுச் சூடாக இருந்தால் வேகமாக வரும். டிரெயின் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்திச் சொட்டவிடலாம் என்று இறங்கினால் பெரும்பாலும் கை முழுக்கச் சூடான ஆயிலும், தேவைக்கு மேல் காலியான சம்ப்பும்தான் மிச்சம்.

* * *

(இன்னொருவர் சேர்த்த குறிப்பு) மேலே எழுதின அண்ணனுக்கு நன்றி. ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன். டேஷ்போர்டுல சிவப்பா எரியுற ஆயில் விளக்கு அளவைக் காட்டுறது இல்ல, பிரஷரைக் காட்டுறது. அது எரியுற வரைக்கும் டாப்-அப் பண்ணாம இருக்கலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது எரியும்போது பேரிங்குக்கு ஆயில் போகலைன்னு அர்த்தம். உடனே ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைக்கணும். “அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்”ங்கற கதையே கூடாது. அளந்து, குறைஞ்சிருந்தா ஊத்திட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. சில நொடியில விளக்கு அணையலைன்னா மறுபடி அணைச்சிட்டு டோ பண்ணிதான் கொண்டு போகணும். அளவு சரியா இருந்தும் விளக்கு எரிஞ்சா டாப்-அப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பம்ப், பிக்-அப் ஜல்லடை (சம்ப்ல இருந்து ஆயிலை இழுக்குற குழாய் வாயில இருக்குறது), சென்சார், பேரிங்னு வேற இடத்துல தேடணும்.

திருப்பத்துலயோ பிரேக் அடிக்கும்போதோ மட்டும் மின்னி மறைஞ்சா ஆயில் நல்லாவே இறங்கியிருக்கு. சம்ப்ல இருக்குற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கி, பிக்-அப் வாய் காத்தை இழுக்குது. மஞ்சள் விளக்கு இருக்குற கார்கள்ல அதுதான் பொதுவா அளவுக்கானது. அதுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

* * *

எந்த ஆயில் என்பதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: தடிமன், தரக்குறியீடு. 5டபிள்யூ-30 என்றால் டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிரில் இளகும் தன்மையையும், பிந்தைய எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள தடிமனையும் சொல்கிறது. 30 என்பது அந்த வெப்பத்தில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (தடிமனை அளக்கும் அலகு) வரை, 40 என்பது 12.5 முதல் 16.3 வரை. இரண்டும் அடுத்தடுத்த படிகள். 4 லிட்டர் கொள்ளும் இன்ஜினில் அரை லிட்டர் மட்டும் ஒரு படி மாறிப்போனால் கலவையின் தடிமன் கொஞ்சம்தான் நகரும். வழியில் சிவப்பு விளக்கு எரியும் நிலையில், அதே எண் கிடைக்கவில்லை என்று ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிடப் பக்கத்து எண்ணை ஊற்றி ஓட்டுவது எவ்வளவோ மேல்.

மினரலும் சிந்தெடிக்கும் கலந்தால் தயிர்போலத் திரிந்துவிடும் என்பது கட்டுக்கதை. கார் இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் தயாரிக்கப்படுகின்றன. கலந்தால் நல்ல ஆயிலின் நீடிப்பு குறையும், அவ்வளவுதான். ஆகவே கலவையை வைத்து முழு இடைவெளியையும் ஓட்டாமல் அடுத்த ஆயில் மாற்றத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

தரக்குறியீட்டில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பெட்ரோலுக்கு அமெரிக்கத் தரக்குறியீடான ஏபிஐ எஸ்பி (2020-இல் வந்தது) கேட்கும் இன்ஜினில் பழைய எஸ்எல் ஆயிலை வழக்கமாக ஊற்றினால், டர்போவோடு கூடிய நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் திடீரென வெடித்து எரியும் சிக்கலுக்கு எதிரான பாதுகாப்பு கிடைக்காது. டீசலில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் ஐரோப்பியத் தரக்குறியீடான ஏசிஇஏ சி வகை, அதாவது சாம்பல் குறைவான ஆயில்தான் வேண்டும். சாம்பல் எரியாது. கரியைப்போல ரீஜெனரேஷனில் (ஃபில்டரில் சேர்ந்ததைச் சூடாக்கி எரித்துத் தீர்ப்பது) போகாமல் ஃபில்டரிலேயே தங்கிவிடும். டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்களில் தயாரிப்பாளர் சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் நான் ஊற்ற மாட்டேன். பெல்ட் உரிந்து அந்தத் துகள் பிக்-அப் ஜல்லடையை அடைத்தால் இன்ஜினுக்கே வேட்டு.

பைக் ஆயில் மிச்சம் இருக்கிறது, ஊற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். வெட் கிளட்சுக்காக (ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச்) உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் அதில் தவிர்க்கப்பட்டிருக்கும். காருக்கு அது ஏற்றதல்ல. அவசரத்துக்குக் கொஞ்சம் போனால் இன்ஜின் சீஸ் ஆகாது (இறுகி நின்றுவிடாது), ஆனால் வழக்கமாக்காதீர்கள்.

* * *

டாப்-அப் செய்தால் மட்டும் போதாது, குறித்து வையுங்கள். தேதி, ஓடோமீட்டர், ஊற்றிய மில்லி, மூன்றும் போதும். 2,500 கி.மீ.யில் அரை லிட்டர் என்றால் 1,000 கி.மீ.க்கு 200 மில்லி. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை இயல்பு என்று கையேட்டிலேயே எழுதும் நிறுவனங்கள் உண்டு. அந்தக் கணக்கில் 10,000 கி.மீ. சர்வீஸ் இடைவெளிக்குள் 5 லிட்டர் போய்விடும், பல கார்களின் சம்ப்பே அவ்வளவுதான். ‘இயல்பு’ என்ற சொல்லை நம்பி அளக்காமல் விட்டால் சர்வீஸ் தேதிக்கு முன்பே இன்ஜின் வறண்டுவிடும். 1,000 கி.மீ.க்கு ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும் அளப்பது நல்லது.

வண்டி ஆயில் குடிக்கிறது என்றால் எந்த வழியாக என்பதைப் புகை ஓரளவு சொல்லும். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை குபீரென்று வந்து நின்றால் வால்வ் சீல்மேல் சந்தேகம். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, பிறகு மிதிக்கும்போது வந்தால் வால்வ் கைடும் சீலும். புகையே இல்லாமலும் ஆயில் எரியும், குறைவான அளவைக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எரித்து மறைத்துவிடும்.

ரிங் வேலைக்குப் போவதற்கு முன் பிசிவியை (கிராங்க் கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வ்) பாருங்கள். ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முயன்றால் வழக்கத்துக்கு மீறி உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறதா, விசில் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் பிசிவி டயஃப்ரம் (அதிலுள்ள சவ்வு) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றுவதோடு ஒப்பிட்டால் பிசிவியை மாற்றுவது ஒன்றுமில்லாத வேலை.

சர்வீஸ் முடிந்து ஓரிரு நாளில் அளவு சட்டென்று இறங்கினால் முதலில் ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்று, அதன்மேல் புது ஃபில்டரை அதன் வளையத்தோடு ஏற்றியிருப்பார்கள். கொஞ்ச தூரம் தாங்கும், பிறகு பீறிட்டு அடிக்கும். அடுத்து டிரெயின் போல்ட் வாஷர்.

* * *

குறைவதை எல்லோரும் பேசுகிறோம். சர்வீஸுக்குச் சர்வீஸ் ஒரு சொட்டுக்கூடக் குறையாத வண்டியையும், கூடுகிற வண்டியையும் சந்தேகப்பட வேண்டும்.

குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓடும் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே சம்ப்பில் சேரும். எரிந்த ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பிக்கொள்வதால் டிப்ஸ்டிக் அசையாது. பிறகு நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் போனால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, அளவு ஒரே நாளில் இறங்கிவிடும். ‘நேற்று வரை சரியாக இருந்ததே’ என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கும்.

டிபிஎஃப் உள்ள டீசலில் ரீஜெனரேஷன் பாதியில் அறுபடும்போது இதே கதை நடக்கிறது. ஃபில்டரைச் சூடாக்கத் தாமதமாக அடிக்கப்படும் டீசலில் ஒரு பங்கு சம்ப்புக்கு இறங்கும். டீசல் பெட்ரோலைப்போல லேசில் ஆவியாகாது. அளவு மேல்கோட்டைத் தாண்டினால் மேலே சொன்ன சிரிஞ்ச் வைத்தியம் இங்கே செல்லாது, ஆயிலையே மாற்ற வேண்டும். நீர்த்துப்போன ஆயிலை வைத்து அளவை மட்டும் சரி செய்து பயனில்லை.

கூடியதோடு காப்பி கலந்த பால் நிறத்தில் இருந்தால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கிறது. ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ போயிருக்கும், ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய்போலப் படிந்து, டிப்ஸ்டிக் சுத்தமாகவும் கூலண்ட் அளவு குறையாமலும் இருந்தால் அது பெரும்பாலும் குளிரில் குறுகிய ஓட்டத்தால் படிந்த ஈரம். ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும்.

* * *

சின்னச் சின்னதாகச் சில. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் ஆயிலுக்கும் டிப்ஸ்டிக் இருக்கலாம், கைப்பிடி நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் படியுங்கள். ஆயில் கேன் படம் போட்ட மூடிதான் இன்ஜினுக்கு. பிரேக் திரவத் தொட்டியில் இன்ஜின் ஆயில் போய்விட்டால் துளி என்றாலும் வண்டியை எடுக்கக் கூடாது, அதிலுள்ள ரப்பர் சீல்கள் ஊதிப் பாழாகும். கூலண்ட் தொட்டியில் போயிருந்தால் ஸ்டார்ட் செய்யாதவரை வேலை குறைவு. மேலே மிதப்பதை உறிஞ்சி எடுத்துவிடலாம்.

திறந்த கேனை மூடி இறுக்கி, நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பேனாவால் திறந்த தேதியை எழுதிவிடுங்கள். சீல் உடைக்காத கேன் பொதுவாக 5 ஆண்டு வரை தாங்கும், திறந்தது ஈரம் இழுக்கும் என்பதால் ஓராண்டுக்குள் தீர்ப்பது நல்லது. ஊற்றும் முன் அடியில் கசடு தங்கியிருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேட் கீலுக்கு விடலாம், இன்ஜினுக்கு வேண்டாம்.