ஒன்றுக்குப் பன்னிரண்டில் ஒரு பைக்: கட்டியவர்கள் சொல்கிறார்கள்

சென்னையிலிருந்து:

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் கிட்களில், கார் கிட் கட்டிப் பழகிய கை பைக் கிட்டில் திணறுவது ஒட்டுவதில் இல்லை. எதை எப்போது பெயிண்ட் அடிப்பது என்பதில்தான். காரில் இன்ஜினை அரைகுறையாக விட்டால்கூட பானெட் மூடிக் காப்பாற்றிவிடும். விமானம் என்றால் இரண்டு பாதிகளையும் ஒட்டி, பட்டி பார்த்து, ஒரே மூச்சில் அடித்துவிடலாம். பைக்கில் ஒளித்துவைக்க இடமே கிடையாது. இன்ஜின், பிரேம், செயின், ரேடியேட்டர் குழாய், பிரேக் லைன் எல்லாமே வெளியே தெரியும். ஒவ்வொன்றும் வேறு நிறம். நிறம் ஒன்றாகவே இருந்தாலும் பளபளப்பு வேறு. கொஞ்சம் அடித்து, காயவைத்து, கொஞ்சம் கட்டி, திரும்ப அடித்து என்று இரண்டு வேலையும் பின்னிக்கொண்டேதான் போகும்.

நான் சமீபத்தில் முடித்தது டாமியா நிறுவனத்தின் 1/12 கவாசாகி நிஞ்ஜா எச்2ஆர், அதாவது நிஜ வண்டியின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. 2014-இல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் வெளிவந்த வண்டி. 998 சிசி, சூப்பர்சார்ஜர், 310 குதிரைத்திறன். ரோட்டில் ஓட்ட முடியாது, டிராக்குக்கு மட்டும். துருக்கியில் ஒஸ்மான் காஸி பாலத்தைத் திறக்கும் சமயத்தில், 2016 ஜூன் 30 அன்று, துருக்கி ரேஸ் வீரர் கெனான் சோஃபுவோலு இதில் 26 வினாடியில் 400 கி.மீ. வேகத்தைத் தொட்டார். அப்பேர்ப்பட்ட வண்டி என் மேசையில் பதினேழு சென்டிமீட்டர் சொச்சம்.

இதை எடுத்ததே அந்தப் பச்சை டிரெல்லிஸ் பிரேமுக்காக. குழாய்களைப் பின்னிப் பின்னி வெல்டு வைத்த பிரேம். கிட்டில் ஒவ்வொரு குழாயின் ஓரத்திலும் அச்சு சேரும் கோடு ஓடும். தட்டையான உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் கோடு போய்விடும், கூடவே குழாயின் உருண்டையும் போய்விடும். கத்தியின் முதுகை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, அப்புறம் 800 நம்பர் உப்புத்தாளை நாடா மாதிரி வெட்டி, குழாயைச் சுற்றி இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். வெல்டு வைத்த இடத்து மேட்டைத் தொடவே கூடாது, அதுதான் பிரேமின் அழகு. பச்சைக்கு அடியில் வெள்ளை பிரைமர். சாம்பல் பிரைமர் மேல் அந்தப் பச்சை எழும்பாது, இன்னும் இரண்டு கோட் அடிக்கத் தோன்றும், அங்கேதான் வினை. பெயிண்ட் ஒரு பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்தால், நிஜ வண்டியில் அது 1.2 மில்லிமீட்டர் தடிப்பு. வெல்டு, போல்ட் தலை எல்லாம் மூழ்கிப் போகும்.

பிரேம் மட்டும்தான் பச்சை. மிச்சமெல்லாம் கறுப்பு. என்னைக் கேட்டால் பைக் கிட்டின் மொத்தப் பாடமும் இந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. ஒரே டப்பா கறுப்பை எல்லாவற்றுக்கும் அடித்தால் பொம்மை. எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பல்சரை ஒருநாள் காலை வெயிலில் உட்கார்ந்து பார்த்தேன். டயர் சாம்பல் கலந்த கறுப்பு. சீட் ரெக்ஸினில் லேசான எண்ணெய் மினுக்கு. மட்கார்டு பிளாஸ்டிக் வெளுத்த கறுப்பு. ஹேண்டில்பார் அரைப் பளபளப்பு. ரப்பர் ஹோஸ் சுத்தமாக மினுக்கே இல்லாதது. டேங்க் மட்டும்தான் நாம் மனதில் வைத்திருக்கும் கறுப்பு.

அதைப் பார்த்துதான் டப்பாக்களைப் பிரித்தேன். எண்களெல்லாம் டாமியா பெயிண்ட் எண்கள். ஹோஸ்களுக்கு எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக். ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் தாங்கிகளுக்கு எக்ஸ்-18 அரைப் பளபளப்பு. சீட்டுக்கு மேட் கறுப்பில் எக்ஸ்-18 கொஞ்சம் கலந்து. இன்ஜின் கேஸுக்கு மேட் கறுப்போடு மெட்டாலிக் கிரே ஒரு சொட்டு; உலோகத்தின் மேல் அடித்த பெயிண்ட் என்று கண் நம்பும் அளவுக்குப் போதும். டயருக்குப் பெயிண்டே வேண்டாம். நடுவில் இருக்கும் அச்சுக்கோட்டை உப்புத்தாளில் தேய்க்கும்போது கூடவே முழு டிரெட்டையும் தேய்த்துவிட்டால் புது ரப்பரின் மினுக்குப் போய், இரண்டு லாப் ஓடி வந்த டயராகிவிடும்.

அடுத்தது அந்தக் கண்ணாடிக் கறுப்பு. கவாசாகி எச்2 வகை வண்டிகளுக்கென்றே வெள்ளியை வைத்து ஒரு பூச்சைத் தயாரித்தது. நிழலில் கறுப்பு, வெயிலில் சுற்றியிருப்பதையெல்லாம் காட்டும் கண்ணாடி. பிளாஸ்டிக்கில் இதைக் கொண்டுவர நான் போன வழி: முதலில் பளபளக்கும் கறுப்பு, நன்றாகக் காயவிட்டு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு, பாலிஷ். அதன் மேல் குரோம் லாக்கர், காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், தெளித்தும் தெளிக்காததுமாக. கடைசியில் எக்ஸ்-19 ஸ்மோக், அடியில் இருப்பது தெரியும் புகை நிறம், மெல்லிசாக. அடிக் கறுப்பில் தூசி ஒன்று இருந்தாலும் குரோம் அதைப் பெரிதாக்கிக் காட்டிக்கொடுக்கும். ஸ்மோக்கை எவ்வளவு அடிப்பது என்பது முழுக்க உங்கள் கண். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி இன்னொரு கோட் போயிருக்கலாம் என்று இரண்டு நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொன்று, யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இடுக்குகளில் எல்லாம் தண்ணீராகக் கரைத்த கறுப்பு பெயிண்ட்டை ஊற்றி அழுக்குக் காட்டுவது டாங்கி கட்டுகிறவர்களிடமிருந்து வந்த பழக்கம். ரேஸ் பைக்கைத் துடைத்துக்கொண்டே இருக்க ஒரு கூட்டம் உண்டு. இன்ஜினின் ஃபின்களுக்கு இடையில், செயினில், சரி. வண்டியின் வெளிக்கவசமான ஃபேரிங்கில் வேண்டாமே.

கோவையிலிருந்து:

அண்ணா, கறுப்பைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. நான் கேபிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பா டூவீலர் மெக்கானிக், நாற்பது வருஷமாக ஒர்க்ஷாப். நான் பிளாஸ்டிக்கில் பைக் கட்டுவதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தபடியே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏன்டா, கிளட்ச் கேபிளை ஃபோர்க்குக்கு வெளியே விட்டிருக்கியே, ஹேண்டிலைத் திருப்பினா இழுத்துக்காதா?" என்றார். நான் விளக்கத்தாளை எடுத்துப் பார்த்தால் அதிலும் உள்பக்கமாகத்தான் அம்புக்குறி போட்டிருந்தது. அன்றிலிருந்து எந்த வயர் எங்கே போகிறது என்பதை அவரிடம் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். இப்போது அவரே சாயங்காலம் "ரேடியேட்டர் வந்துருச்சா?" என்று கேட்கிறார்.

சைலன்சர் குழாய் சூட்டில் நீலம் பாய்வதை நான் அடித்த விதத்தையும் அவர்தான் சரி செய்தார். நிறைய மாடல்களில் இன்ஜின் பக்கத்தில் பொன்மஞ்சள், போகப்போக நீலம் என்று அடித்திருப்பார்கள். தலைகீழ். சூடு ஏறும்போது உலோகத்தில் முதலில் வருவது வைக்கோல் மஞ்சள், அப்புறம் ஊதா, இன்னும் ஏறினால் நீலம். எனவே இன்ஜின் ஹெட்டை ஒட்டிய இடத்தில் நீலம், தள்ளிப் போகப்போக மஞ்சள். கிளியர் ப்ளூ, கிளியர் ஆரஞ்சு இரண்டையும் தின்னரில் நன்றாக இளக்கித் தூரத்திலிருந்து தெளித்தால் போதும்.

கேபிள் கணக்கு இது. நிஜ வண்டியில் ஆக்சிலரேட்டர் கேபிளின் மேலுறை ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர். பன்னிரண்டால் வகுத்தால் 0.4 மி.மீ. பெரும்பாலான கிட்களோடு வரும் கறுப்பு ட்யூப் ஒரு மி.மீ.க்குக் குறையாது, அதை அப்படியே மாட்டினால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் ஹேண்டில்பாரில் தொங்கும். ரேடியேட்டருக்கு அது சரி. பிரேக், கிளட்ச், ஆக்சிலரேட்டருக்கு நான் பழைய இயர்போன் வயரை உரித்து உள்ளே இருக்கும் இழையை எடுக்கிறேன், செலவில்லை. விளக்கத்தாளில் ட்யூப் நீளத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். மெல்லிய வயருக்கு அதைவிட ஐந்து மி.மீ. கூடுதலாக வெட்டிவிட்டு, மாட்டிய பிறகு வளைவைப் பார்த்துக் குறைப்பது நல்லது.

தூத்துக்குடியிலிருந்து:

நீங்கள் எல்லோரும் பெயிண்ட்டைப் பேசுகிறீர்கள், எங்கள் ஊரில் முதல் எதிரி காற்று.

லாக்கர் ஸ்ப்ரே அடித்த அஞ்சாவது நிமிஷம், பளபளத்த கறுப்பின் மேல் பால் சிந்திய மாதிரி வெள்ளை படரும். ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம். காரணம் சிம்பிள்: தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது, ஈரக்காற்று அதன் மேல் பனித்துப் பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. பெயிண்ட் கெட்டுப்போய்விட்டது என்று உரிக்கப் போகாதீர்கள். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை ஏர்பிரஷ்ஷில் போட்டு, மேலாக ஒரு மூடுபனி மாதிரி அடித்தால் மேல்படலம் இளகி, ஈரம் வெளியேறி, கறுப்பு திரும்பி வந்துவிடும். அடுத்த தடவை முதலிலேயே அந்தத் தின்னரைக் கலந்துவிடலாம். டப்பா ஸ்ப்ரே என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்துவிட்டு அடியுங்கள், துளி மெல்லிசாக விழும். அடுப்பில், கொதிநீரில் வேண்டவே வேண்டாம், டப்பா வெடிக்கும். மத்தியான வெயிலில் அடிப்பது நல்லது. கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் ட்ராப் இல்லாமல் எங்கள் ஊரில் ஏர்பிரஷ் வாங்குவது வீண்.

கார் டச்சப் ஸ்ப்ரே மலிவு என்று பலர் கேட்கிறார்கள். நானும் அடிக்கிறேன், ஆனால் சில தின்னர்கள் பிளாஸ்டிக்கையே கரைக்கும். பார்ட்டை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் டேங்க் பக்கம் போவேன். மாஸ்க் என்றால் கொரோனா மாஸ்க் இல்லை, கரி வடிகட்டி வைத்தது. துணி மாஸ்க் தின்னர் வாசனைக்கு ஒன்றும் செய்யாது.

சிங்கப்பூரிலிருந்து:

இங்கே கடைக்குப் போனால் எல்லா டப்பாவும் வரிசையாக இருக்கும், அந்தக் கொடுப்பினைக்குக் குறையில்லை. பார்ட்டின் மேல் ஒட்டும் மெல்லிய படமான டெக்கலைப் பற்றி இரண்டு வரி. கார்பன் ஃபைபர் டெக்கலை மட்கார்டு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த பார்ட்டில் ஒட்ட வேண்டுமானால், முதலில் மாஸ்கிங் டேப்பை அந்தப் பார்ட்டின் மேல் ஒட்டி, ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, உரித்து அதையே அச்சாக வைத்து டெக்கலை வெட்டுங்கள். வளைவில் சுருக்கம் விழும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு. டெக்கலை இளக்கும் திரவமான சாஃப்டர் தடவிய பிறகு பொறுமை வேண்டும். அது நெளியும்போது பயந்து கை வைத்தால் கிழியும், விட்டால் தானாகப் படியும். மேலே நிறமில்லாத கிளியர் அடிக்கும்போது முதல் சில கோட் தூவலாக மட்டும். எடுத்த எடுப்பில் ஈரமாக லாக்கர் கிளியர் அடித்தால் டெக்கலைத் தின்றுவிடும்.

திருச்சியிலிருந்து:

நான் உங்களுக்கெல்லாம் மூத்தவன், வண்டியும் மூத்தது. இத்தாலேரி நிறுவனத்தின் 1/9 கிட், நார்ட்டன் மேங்க்ஸ் ரேஸ் பைக், 1951 மாடல். ஜெஃப் டியூக் அந்த வருஷம் நார்ட்டனில் 350, 500 இரண்டு பிரிவிலும் உலகச் சாம்பியன் ஆனார். இந்த அச்சு முதலில் புரோட்டார் என்ற நிறுவனத்துடையது. அதைத் தொடங்கியவர் டார்க்வினியோ புரோவினி. 1957-இல் 125 சிசி, 1958-இல் 250 சிசி உலகச் சாம்பியன். 1966-இல் ஐல் ஆஃப் மேன் தீவில் விழுந்து பலத்த அடி, ரேஸ் வாழ்க்கை முடிந்தது. அதன் பிறகு பைக் மாடல் செய்ய வந்துவிட்டார். ஓட்டியவரே செய்த மாடல் என்பதால் அந்த கார்புரேட்டரையும் மெக்னெட்டோவையும் பார்க்கும்போது எனக்குத் தனி மரியாதை.

அந்தக் கால பிளாஸ்டிக் அச்சில் ஸ்போக் மெல்லிசாக வராது, வரவும் முடியாது. அதனால் ஸ்போக் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுக் கம்பியில் கட்டுகிறேன். நிஜ ஸ்போக் மூன்றரை மி.மீ. என்றால் ஒன்பதால் வகுத்து ஏறக்குறைய 0.4. கிட்டார் தந்தியில் 0.016 அங்குலக் கம்பியாகக் கேட்டு வாங்கினால் சரியாக இருக்கும். கடினமானது, நேராக நிற்கும். ரிம்மை ஒரு மரப்பலகையில் நாலு ஆணிக்கு நடுவில் அசையாமல் வைத்து, ஹப்பை மையத்தில் சரியான உயரத்தில் நிறுத்திவிட்டு, எதிரெதிர் ஸ்போக்காகப் போட வேண்டும். ஒரு பக்கமாகவே வரிசையாகப் போட்டுக்கொண்டு போனால் ஹப் சாய்ந்துவிடும். சைக்கிள் கடையில் வீல் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

பின்சக்கரம் முடிந்தது. முன்சக்கர ஹப்பில் துளை போடும்போது இருந்த ஒரே 0.45 பிட்டும் ஒடிந்தது. ஹார்டுவேர் கடையில் ஒரு மி.மீ.க்குக் கீழே இல்லை என்கிறார்கள். எங்கே கேட்பது?

கோவையிலிருந்து:

ஐயா, எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் பிசிபி (சர்க்யூட் போர்டு) துளைக்கும் பிட் என்று கேளுங்கள், 0.3-லிருந்தே கிடைக்கும். கார்பைடு, கொஞ்சம் சாய்ந்தாலும் ஒடிந்துவிடும். பத்தாக வாங்கிவையுங்கள்.